திரையில் வைத்த சந்தனப் பொட்டு

மெர்சியை யாராவது "பாவம், சாதுவான பொண்ணு" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாதுவா, அவளா? டிப்ளமோ முடித்துவிட்டு எங்கள் கும்மிடிப்பூண்டி ரப்பர் கேஸ்கெட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு வந்தவள், ஆரம்பாக்கத்திலிருந்து வரும் ரயிலில் பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ரஸ்ட் என்கிற கணினி மொழியைத் தானே கற்றுக்கொண்டாள். அப்படிப்பட்ட பிடிவாதக்காரி. நான் குணசுந்தரி, பேக்கிங் சூப்பர்வைசர். அவளை மேய்த்தவள் சொல்கிறேன், நம்புங்கள்.

ரப்பரைச் சூடாக்கி அழுத்தும் எங்கள் பிரஸ் மெஷினில் ஒரு தொல்லை. ஆர்டர் மாறினால் சூடு, அழுத்தம், ஆறவிடுவது எல்லாவற்றின் வரிசையையும் மாற்ற வேண்டும். அதற்குச் சென்னையிலிருந்து ஆள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு வேலையையும் திரையில் ஒரு பெட்டியாகக் காட்டி, பெட்டிக்குப் பெட்டி விரலால் கோடு இழுத்தால் வரிசை மாறிவிடும், நாமே செய்துகொள்ளலாம் என்றாள் மெர்சி. மேனேஜர் துளசிராமன் அவளைச் சில மாதம் பேக்கிங்கிலிருந்து விடுவித்தார். "விஜயதசமி அன்னிக்குக் காட்டு. ஓடலன்னா வெளி கம்பெனிகிட்ட குடுத்துடுவேன். நீ பழையபடி பேக்கிங்தான்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இப்படிப் பெட்டியும் கோடும் வரைவதற்கு ரஸ்டில் யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்து வைத்த தொகுப்புகள் இருக்கின்றனவாம். மெர்சி மூன்றை எடுத்து, மூன்றிலும் எங்கள் பிரஸ்ஸை வரைந்து வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் எனக்கும் காட்டுவாள். முதலாவது நல்ல லட்சணம், கோடெல்லாம் வளைந்து வளைந்து போகும். ஆனால் எழுதியவர் கைவிட்டு நாளாயிற்று. இரண்டாவதில் எல்லாமே இருந்தது. விரலை வைத்து அழுத்தினால் மெனு வரும், இரண்டு விரல் வைத்து அகட்டினால் படம் பெரிதாகும். மூன்றாவது வெறும் பெட்டி, வெறும் கோடு. விரல் பட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதைக்கூட நாமேதான் எழுத வேண்டும்.

"இன்னாடி இது, இதுக்கு மூஞ்சியே சரியில்ல" என்றேன்.

"எனக்கும் ரெண்டாவதுதான்க்கா புடிச்சிக்குது. அதத்தான் காட்டப்போறேன்."

விஜயதசமி காலை ஆபரேட்டர் லோகு புதுச் சந்தனம் குழைத்து மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்தான். பிரஸ்ஸில் மெர்சி காட்டப்போகிற டச் ஸ்கிரீனையும் விடவில்லை. சட்டத்தில் பாதி, கண்ணாடியில் பாதி என்று கொழுகொழுவென அப்பிவிட்டான். மேனேஜர் வந்து நின்றதும் மெர்சி இரண்டாவதைத் திறந்து ஒரு பெட்டியை இழுத்தாள். படம் மொத்தமும் ஊதிப் பெருத்துத் திரைக்கு வெளியே ஓடிவிட்டது. ஈரச் சந்தனத்தைத் திரை இன்னொரு விரல் என்று எடுத்துக்கொண்டது! பதறிப்போய் முதலாவதைத் திறந்தாள். அது சந்தனத்தைப் பிடித்துக்கொண்டு அவள் விரலைக் கண்டுகொள்ளவே இல்லை.

"தொடச்சிட்டு காட்டும்மா" என்றார் மேனேஜர்.

லோகு குறுக்கே வந்துவிட்டான். "பூஜை போட்ட பொட்ட இன்னிக்குத் தொடைக்கக்கூடாது சார். ஊட்டுல வண்டிக்கு வெச்சதையே தொட மாட்டோம்."

எனக்கு வந்ததே கோபம். "யோவ், அவ பொழப்பே போய்க்கினு இருக்குது, உனக்குப் பொட்டுதான் முக்கியமா?" என்று கத்தினேன். மெர்சி சர்ச்சுக்குப் போகிற பெண். அவள் கையால் துடைத்தால் நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். துடைக்காவிட்டால் இத்தனை நாள் பாடும் வீண்.

"தொடைக்க வேணாம் சார்" என்றாள் மெர்சி. "லோகு அண்ணன் சொல்றது கரெக்ட். அடுத்த வருசமும் பொட்டு வெப்பாங்க. நடுவுல கிரீஸ் படும், தண்ணி தெறிக்கும். நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க சார்."

அழகில்லாத மூன்றாவதைத் திறந்தாள். அதிலும் முதலில் அதே கூத்துதான். ஆனால் மற்ற இரண்டிலும் விரல் சமாச்சாரம் உள்ளே எங்கெங்கோ பின்னிக் கிடந்தது. இதில் அது தனியாக, அவளே எழுதிய பகுதி. நகராமல் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதை விரலாக எண்ணாதே என்று அதில் சேர்த்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களை எல்லாம் நான் ஈ ஓட்டுவதுபோல விரட்டினேன்.

மேனேஜர் திரும்பி வந்ததும், "லோகு அண்ணே, நீங்களே இழுங்க" என்றாள்.

லோகு தயங்கித் தயங்கி இழுத்தான். பொட்டு இருந்த இடத்தில் இருந்தது, கோடு போய்ச் சரியான பெட்டியில் ஒட்டியது. பிரஸ் இறங்கி ஏறியது. புது வரிசையில் வந்த கேஸ்கெட்டை மேனேஜர் மடக்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். இந்த மனுஷனுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா?

"சார்" என்றேன். "பேக்கிங்குக்கு வேற ஆள் போடுங்க. இந்தப் பொண்ண நான் திருப்பி எடுத்துக்க மாட்டேன்."

மெர்சி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் மட்டும் அனுப்பிடுவேனா?" என்று சிரித்தார் மேனேஜர். "பக்கத்து பிரஸ்ஸ எப்ப ஆரம்பிக்கிறாள்னு கேளுங்க."

எல்லோர் முன்னாலும் என் தோளில் முகத்தை வைத்து மெர்சி தேம்பித் தேம்பி அழுதாள். நானும் அழுதேன். அதிலென்ன வெட்கம்?