ஏடு தொடக்கிய கை

இத்தாலியின் பலெர்மோ நகரில், ஒரேத்தோப் பகுதியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் மூன்று தமிழ்க் குடும்பங்கள். ஊரில் இயக்கத்தில் இருந்தபோது, ஆளைச் சுடமாட்டேன் என்று துவக்கைத் திருப்பிக் கொடுத்தவன் நான். பலெர்மோ வந்தபின் அதை இங்குள்ள தமிழர் ஒருவருக்கும் சொல்லவில்லை. முக்கியமாக எதிர்வீட்டு வசந்தியக்காவுக்கு. அவருடைய தம்பி இயக்கத்தில் இருந்து சண்டையில் இறந்தவன்.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்ததற்கு அடுத்த வருடம், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க மாதிரி பார்க்கவென்று அக்கா என் பத்திரக் கோவையைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். அகதி விண்ணப்பத்துக்காக நான் தமிழில் எழுதிய வாக்குமூலமும் அதற்குள் இருந்தது வேலைக்குப் போகும் பஸ்ஸில்தான் நினைவுக்கு வந்தது. துரோகி என்பாரோ என்று பயந்து, ஒரு கிழமை அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தே படி இறங்கினேன்.

விஜயதசமியன்று காலை அக்காவே வந்து நின்றார்.

"தம்பி, மகளுக்கு ஏடு தொடக்கவேணும். நீங்கள்தான் கையைப் பிடிச்சு எழுதவேணும்."

"அக்கா, அதை வாசிச்சனீங்களோ?"

"ஓம். என்ர தம்பியும் அப்பிடிச் சொல்லியிருந்தால் இண்டைக்கு இருந்திருப்பான்."

நான் அக்கா வீட்டுக்குள் போனதும் மற்றக் குடும்பத்தாரும் எழுந்து நின்றார்கள். பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதினேன். வாக்குமூலத்தில் நான் எழுதாத ஒன்று உண்டு. நான் கொடுத்த துவக்கை அன்றே, என்னோடு இயக்கத்தில் இருந்த குகனிடம் கொடுத்து, எனக்குப் பதிலாக அனுப்பினார்கள். அவன் திரும்பவில்லை.

மறுநாள் அக்காவிடம் அதையும் சொன்னேன். கேட்ட பிறகும் அவர் கதவைச் சாத்தவில்லை.

இப்போது யாராவது நான் துவக்கைத் திருப்பிக் கொடுத்த கதையைக் கேட்டால் மறைப்பதில்லை. குகனில் இருந்துதான் தொடங்குகிறேன்.