அம்பூரி ஏற்றத்தில் அடிபட்ட சக்கரம்

கொல்லயில் ஊரில் ஷிஜுவின் காருக்குக் காவல் சத்தியராஜ். ஷிஜு ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். வருடத்தில் ஒரு மாதம்தான் ஊரில். மற்ற மாதங்களில் வண்டி நின்றே கிடந்தால் பாட்டரி செத்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை உதியன்குளங்கரை வரை ஓட்டித் திரும்ப வேண்டும். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் இப்படி நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். இருபத்திரண்டு வருடம் ரப்பர் லாரி ஓட்டியவரிடம் அந்தச் சாவி வந்ததில் யாருக்கும் வியப்பில்லை.

தொண்ணூற்றெட்டில், ஓணம் கழிந்த வாரம் அவர் உதியன்குளங்கரையோடு நிற்கவில்லை. மலையோரத்து அம்பூரி சபையில் அறுப்பின் பண்டிகை. மனைவி லீலாபாயை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போனார். வண்டிக்கும் ஏற்றம் ஏறின பழக்கம் வேண்டுமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எதிரே வந்த ஜீப்புக்கு ஒதுங்கியபோது முன்சக்கரம் சாலையோரக் கலுங்குப் பாலத்தின் கல்லில் மோதியது. ஷிஜு வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து மாட்டிய அலுமினிய அலாய் வீலின் விளிம்பு உள்ளே மடங்கிவிட்டது. ஸ்டெப்பினியை மாற்றிப் போட்டு வீடு வந்தார். ஷிஜு வர மூன்று வாரம் இருந்தது. அதற்குள், அவனுக்குத் தெரியாமல், சக்கரத்தைச் சரியாக்கிவிட நினைத்தார்.

முதலில் பாறசாலையில் ஜீப்பின் இரும்பு ரிம் நிமிர்த்துகிற பட்டறை. சிவக்கச் சூடாக்கி நாலு அடி போட்டால் நிமிரும் என்றார் பட்டறைக்காரர். சத்தியராஜ் சக்கரத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டார். அலுமினியம் சிவக்காது. உலையில் விழுந்த பிஸ்டன் ஒன்று நிறமே மாறாமல் நின்று, சட்டென்று கஞ்சியாக ஒழுகியதை லாரிக் காலத்தில் அவர் பார்த்திருக்கிறார்.

நெய்யாற்றின்கரையில் இன்னொரு கடை. மடங்கின இடத்தைப் பசையால் நிரப்பி, தேய்த்து, வெள்ளிப் பெயின்ட் அடித்த ஒரு சக்கரத்தைக் காட்டினார்கள். அடிபட்ட தடமே இல்லை. தான் தேடியது இதைத்தான் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் உள்ளே வெடிப்பு இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, வெளியே தெரியாது என்றுதான் பதில் வந்தது. அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

மார்த்தாண்டத்தில் யோசுவா என்று ஒருவர் அலுமினியம் பற்றவைப்பதாகக் கேள்விப்பட்டு, சக்கரத்தைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏறினார். ஆளுக்கு ஒன்று, மூட்டைக்கு ஒன்று என்று கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார்.

யோசுவா சுத்தியலைத் தொடவே இல்லை. மடங்கின இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, அரைமணி நேரம் வேறு வேலை பார்த்தார். பிறகு துணியால் ஒட்டத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவி, மரக்கட்டையால் மெல்லத் தட்டினார். வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு ஒன்று எழும்பியது. வெடிப்பு விளிம்பில் தொடங்கி, சக்கரத்தின் ஆரக்கை முளைக்கும் இடம்வரை போனது.

"விளிம்போட நின்னிருந்தா ஒட்டித் தந்திருப்பேன். இது கைமூட்டுக்குள்ள போயாச்சு," என்றார் யோசுவா.

"பற்றவச்சா வெளிய தெரியாதுல்லா?"

"தெரியாது. அதாக்கும் பயம். ஓட்டுகது ஆரு, நீங்களா?"

சத்தியராஜ் சக்கரத்தை மறுபடி சாக்கில் கட்டினார். ஓட்டப்போவது ஷிஜு, பக்கத்தில் உட்காரப்போவது அவன் அம்மை சத்யபாமா.

அன்றைக்கே பாறசாலை டெலிபோன் பூத்தில் இருந்து ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டார். சக்கரம் போன கதையைச் சொன்னார். அம்பூரியை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம், அதையும் சொன்னார்.

"சாவிய அம்மைகிட்ட குடுத்திருங்க மாமா," என்றான் ஷிஜு.

"குடுக்கேன் மக்கா."

"பின்ன... மத்த மூணு வீலுலயும் வெடிப்பு உண்டான்னு அந்த ஆளுகிட்ட கொண்டு காட்டணும். வேற ஆரும் போவாண்டாம். நீங்களே போங்க."

சாவியை அன்று சாயங்காலமே சத்யபாமாவிடம் கொடுத்தார். மறுநாள் காரைச் செங்கல் அடுக்கின்மேல் ஏற்றி நிறுத்தி, மூன்று சக்கரங்களையும் கழற்றி, முதல் ஒன்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு மார்த்தாண்டம் பஸ்ஸுக்கு நின்றார்.