வலப்பக்கத்தில் மட்டும் எழுதிய நாட்குறிப்பு

நடந்தவை வரிசையாக:

1. கொதிகலன் பொறுப்பாளர் சான்றிதழுக்காக மலாய் மொழியில் நடக்கும் வாய்மொழித் தேர்வுக்குப் பெயர் கொடுத்தேன்.
2. பெயர் கொடுத்த வாரத்திலிருந்து தூக்கம் கெட்டது.
3. கிளினிக்கில் டாக்டர் மாத்திரை தரவில்லை. மனத்தில் ஓடுவதைத் தினமும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்.
4. எழுதினேன். தூக்கம் ஓரளவு திரும்பியது.
5. எழுதியதை மொத்தமாக உட்கார்ந்து படித்தேன். தேர்விலிருந்து பெயரைத் திரும்பப் பெற முடிவு செய்தேன்.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் என்ன கோளாறு என்பதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில நாள் பிடித்தது.

ரந்தாவ் என்ற ஊருக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். தோட்டங்களிலிருந்து லாரியில் வரும் பழக்குலைகளை நீராவியில் வேகவைத்து எண்ணெய் பிழிகிற இடம். அந்த நீராவி கொதிகலனிலிருந்து வருகிறது. பிழிந்த பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் போட்டுத்தான் அதை எரிக்கிறோம். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்தவள் நான். அந்தக் கொதிகலனின் ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சான்றிதழ் இல்லாதவர் அதற்குப் பொறுப்பேற்க முடியாது. பொறுப்பாளர் பக்கத்தில் உதவிக்கு நிற்கலாம். நின்றுகொண்டே இருக்க எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் தேர்வு.

டாக்டர் எழுதச் சொன்னபோது எப்படி எழுதுவது என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த எழுத்து ஆலையின் ஷிப்ட் பதிவேடுதான். என்ன ஆனது, எதனால் ஆனது, என்ன செய்தோம், எது நிலுவை. அடுத்த ஷிப்டுக்கு வருபவர் படித்ததும் புரியவேண்டும்; அலங்காரம் கூடாது. வீட்டு நோட்டிலும் அப்படியே எழுதினேன். எழுதி முடித்ததும் மனம் இலேசானது உண்மை. அந்த ஷிப்டை யாரிடமோ ஒப்படைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

அக்காள் தெமியாங்கில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் பார்க்க வருவாள். அந்த ஞாயிறு வந்தபோது, பெயரைத் திரும்பப் பெறப்போகிறேன் என்று சொன்னேன்.

“ஏன்டி? இவ்ளோ நாளா பைத்தியமாட்டம் படிச்சியே.”

“தயாரா இல்லக்கா. சும்மா சொல்லல. எழுதி வெச்சிருக்கேன், நீயே பாரு.”

நோட்டை நீட்டினேன். மறைக்க அதில் ஒன்றுமில்லை. அவள் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து நிதானமாகப் புரட்டினாள்.

“இது என்னா, போலீஸ் ரிப்போட்டா?”

“டைரி.”

“‘காலை: அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். காரணம்: தூக்கமின்மை. நடவடிக்கை: மன்னிப்பு கேட்க வேண்டும். நிலுவை.’” அடுப்படிப் பக்கம் திரும்பினாள். “அம்மா, உங்ககிட்ட மன்னிப்பு கேக்கறது நிலுவையில இருக்காம்.”

“எதுக்கு?” என்றார் அம்மா உள்ளேயிருந்து.

“அது அவளுக்கே மறந்துபோச்சு போல.”

“இருக்கட்டும். மொதல்ல அந்தத் துணிய காயப்போடச் சொல்லு.”

அக்காள் அடுத்த பக்கத்துக்குப் போனாள். “‘அக்கா வந்தாள். மதியப் படிப்பு கெட்டது.’ அடிப்பாவி. அன்னைக்கு நான் ரஹாங் கடையில க்யூல நின்னு ரொட்டி சானாய் வாங்கிட்டு வந்தேனே, அது எங்க?”

“அதெல்லாம் எழுத மாட்டாங்க.”

“யாரு எழுத மாட்டாங்க?”

“ஆலையில.”

“இது ஆலையா?”

அவள் இன்னும் சில பக்கங்கள் படித்தாள்.

“வால்வ மறந்தே, சட்டத்த மறந்தே, மலாய்ல சொல்ல வரல, தலவலி. இதப் படிச்சா நீ உயிரோட இருக்கறதே அதிசயம் லா. ஒரு நாள்கூட ஒன்னுமே சரியா நடக்கலையா?”

“நடந்திருக்கும்.”

“அப்போ அத யாருகிட்ட கேக்கறது?”

நோட்டை மூடி என் மடியில் போட்டுவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். கேலிக்குத்தான் கேட்டாள். எனக்கு அது தொழில்முறைக் கேள்வியாகத் தைத்தது.

மறுநாள் ஆலையில் பதிவேட்டைத் திறந்ததும் விடை கண்முன் இருந்தது. எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பக்கங்கள். இடப்பக்கம் கட்டம் போட்டது. அழுத்தம், நீர்மட்டம், வெப்பநிலை என்று மணிக்கொரு முறை அளவெடுத்து நிரப்புவோம். வலப்பக்கம் வெறும் கோடுதான். ஏதாவது பழுதானால் மட்டும் அங்கே எழுதுவோம். எல்லாம் ஒழுங்காக ஓடியது என்று வலப்பக்கத்தில் எவரும் எழுதுவதில்லை. எழுதினால் மேற்பார்வையாளர் சிரிப்பார். இடப்பக்க எண்களைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

நான் வீட்டு நோட்டுக்குக் கொண்டுபோனது வலப்பக்க எழுத்தை மட்டும். எங்கள் பதிவேட்டில் இடப்பக்கங்களை மறைத்துவிட்டு மிச்சத்தை ஒருவரிடம் காட்டினால், இந்தக் கொதிகலனைப் பழைய இரும்பு விலைக்குக்கூட எடுக்க மாட்டார். உண்மையில் அது வருடம் முழுக்க நன்றாக ஓடுகிற இயந்திரம். என்னைப் பற்றியும் நான் அப்படித்தான் தீர்ப்பு எழுதியிருந்தேன். வலப்பக்கத்தில் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மை. கணக்கில் பாதி இல்லை, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்வது எளிது. நோட்டில் காலியாகக் கிடந்த இடப்பக்கங்களில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டேன். தூக்கம், சாப்பாடு, நடை, ஒவ்வொரு பாடத்திலும் புத்தகம் பார்க்காமல் சொல்ல முடிந்த பகுதி, சிரித்த விஷயம். ‘சபாஷ்’ ‘நன்று’ போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை, அளவு மட்டும். என்னை நானே தட்டிக்கொடுப்பது எனக்கு வராது. ஆனால் அளவெடுப்பது நன்றாக வரும்.

கட்டங்கள் நிரம்ப ஆரம்பித்ததும் படம் மாறியது. பாடங்களில் பெரும்பகுதியை நான் புத்தகம் பார்க்காமலே சொல்கிறேன். தலைவலி வருகிற நாட்கள் எல்லாமே மதியம் சாப்பிடாத நாட்கள். அம்மாவுடன் பேசிச் சிரிக்காத நாள் அபூர்வம். கொதிகலனுக்கான நீர்ச் சுத்திகரிப்பு என்ற பாடத்தின் கட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது. அதுதான் என் உண்மையான பலவீனம். வலப்பக்கத்தில் அது மற்றப் புலம்பல்களோடு கலந்து கண்ணில் படாமல் இருந்தது.

பெயரைத் திரும்பப் பெறவில்லை. அதற்கான கடைசி நாள் வந்தது, போனது. அன்று பழுதுபார்ப்பு வேலை இருந்ததால் எனக்கு அதை நினைக்கவும் நேரமில்லை.

தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை, என்ன செய்வீர்கள் என்று ஒருவர் மலாயில் கேட்டார். முதலில் கண்ணாடியைச் சோதிப்பேன். அப்போதும் தெரியாவிட்டால் எரிபொருளை நிறுத்துவேன், தண்ணீர் ஏற்ற மாட்டேன் என்றேன்.

“ஏன் ஏற்ற மாட்டீர்கள்?”

“சூடேறிய இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிக்கலாம். எவ்வளவு நீர் இருக்கிறது என்று தெரியாமல் எதையும் சேர்க்கக் கூடாது.”

அவர் தலையசைத்து அடுத்த கேள்விக்குப் போனார். நீர்ச் சுத்திகரிப்புக்கு வந்தபோது, எதிர்பார்த்தபடியே, இரண்டு இடங்களில் தடுமாறினேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காள் போன் செய்தாள். “என்னா ஆச்சு மேடம்?”

“ஒரு பகுதிக்கு மட்டும் திரும்ப வரச் சொல்லிட்டாங்க. மத்ததெல்லாம் பாஸ்.”

“அழுதியா?”

“இல்ல. சாப்பிட்டேன்.”

“அத எழுது மொதல்ல.”

இன்றைய தேதிக்குச் சான்றிதழ் என் கையில் இல்லை. ஆலையில் இன்னும் உதவியாளர்தான். நீர்ச் சுத்திகரிப்புக்கு மறுதேர்வு கேட்டுப் பெயர் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாடத்தில் பாதிக்கு மேல் இப்போது பார்க்காமல் சொல்ல முடிகிறது. மறுதேர்வில் தேறிவிடுவேன் என்று நினைக்கிறேன்.