சுத்த வெள்ளையில் ஒரு காவல் நாய்

போன ஞாயிற்றுக்கிழமை பசுமலையில் மாப்பிள்ளை பார்க்கும் வைபவம். மணப்பெண், நண்பர் பாண்டி வளர்க்கும் ராஜபாளையம் நாய். குட்டி விற்றுப் பிழைக்கிறவர் பாண்டி. ஆனால் மனசாட்சி உள்ளவர். இந்தத் தொழிலில் அது கட்டுப்படியாகுமா?

ராஜபாளையம் என்றால் பால்வெள்ளை உடம்பு, ரோஸ் கலர் மூக்கு — இதற்குத்தான் மார்க்கெட். ஆனால் வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்துக்கொண்டு போனால், சில குட்டிகள் செவிடாகப் பிறக்கும் என்பார் பாண்டி. குட்டிகள் பால் குடிக்கும்போது பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டுவார். திரும்பிப் பார்க்காத குட்டியை விற்க மாட்டார்.

“திருமங்கலத்துல ஒரு ஆண் நாய் இருக்குண்ணே. காதுல செவலை படிஞ்சிருக்கு. ஆனா அம்புட்டு கூர்மை! இந்தத் தடவை அதுதான்” என்றார்.

போன ஈற்றிலும் செவலைக் காதோடு ஒரு குட்டி பிறந்தது. வந்தவர்கள் எல்லாம் “கலப்படமா?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். அது பாண்டி வீட்டிலேயே வளர்ந்து, இப்போது அவருடைய சோற்றைக் காலி செய்துகொண்டிருக்கிறது.

பேசிக்கொண்டிருந்தபோதே அது விருட்டென்று எழுந்து குரைத்தது. எங்களுக்கு ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெருமுனையில் ஸ்கூட்டர் திரும்பியது. வந்தவர் கே.கே. நகர் பேங்க் மேனேஜர். போன ஈற்றில் தட்டுச் சத்தத்துக்குத் திரும்பாத ஒரே குட்டியை வாங்கிப் போனவர்.

“என்னய்யா நாய் குடுத்த? திருடன் சைக்கிளைத் தூக்கிட்டான். நாய் சோறு திங்கிற தட்டையும் தூக்கிட்டான். அது பாட்டுக்குத் தூங்குது!”

“காது கேக்காது, விக்க மாட்டேன்னு அன்னைக்கே சொன்னேனே சார்.”

“நல்ல குட்டியை ஒதுக்கி வைக்கப் பொய் சொல்றேன்னு நெனச்சேன்!”

அதனால்தான் கூடுதலாகவே காசு கொடுத்திருக்கிறார் மனிதர். மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டிய நேரம்... பாண்டியும் வாங்கிக்கொண்டுவிட்டார். அந்த உறுத்தல் அவருக்கு இன்னும் போகவில்லை.

“உங்க ஸ்கூட்டரைத் தெருமுனையிலயே கண்டுபிடிச்சுச்சு சார். இதைக் கொண்டுபோங்க” என்று செவலைக் காதைத் தடவிக் கொடுத்தார் பாண்டி.

மேனேஜர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மெச்சினார். தலையை ஆட்டினார்.

“எல்லாம் சரி பாண்டி... இதே மாதிரி, சுத்த வெள்ளையில ஒண்ணு கிடைக்குமா?”

நான் சிரித்துவிட்டேன். பாண்டி சிரிக்கவில்லை.

நேற்று போன் செய்தேன். திருமங்கலத்து மாப்பிள்ளை என்ன ஆனார்?

“அது வேணாம்ணே. வெள்ளைக்கே முடிச்சுட்டேன். மேனேஜர் அட்வான்ஸ் குடுத்துட்டாரு... மகளுக்கு ரெண்டாம் வருச ஃபீஸ் கட்டணும்ல.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கே.கே. நகர் திருடர் இந்தப் பத்தியைப் படிப்பவராக இருந்தால் ஒரு வேண்டுகோள் — சைக்கிளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புது நாய் வரப் போகிறது!