எழுந்து போகாத கோடை

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடிந்து கோடை விடுமுறை வந்தபோது, என் வகுப்பில் பாதிப் பேருக்குப் போக ஓர் இடம் இருந்தது. ஒருத்தியின் மாமா உயர் நீதிமன்றத்தில் பெரிய வக்கீல். இன்னொருவனின் அப்பாவுக்கு ஒரு கம்பெனி சட்ட அதிகாரி நண்பர். என் குடும்பத்தில் கோர்ட்டுக்குப் போனவர் சித்தப்பா ஒருவர்தான், அதுவும் குற்றம் சாட்டப்பட்டவராக. ஆனாலும் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் இல்லாமல் அடுத்த ஆண்டுக்குள் நுழைய முடியாது.

சென்னை அலுவலகங்களுக்கு மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. ஓர் அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன்.

"யார் சொல்லி வந்தீங்க?" என்றார் அங்கிருந்த வக்கீல்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் வந்தேன்."

"தெரிஞ்சவங்க மூலமா வந்தாதாம்மா எடுப்போம்."

எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் உத்திரமேரூருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மறுநாளே உத்திரமேரூரில் ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டேன். "டைப் அடிப்பியா? அப்ப வா" என்றார்.

மே மாதத்தில் சிவில் வழக்குகளுக்கு விடுமுறை. ஜூனில் போட வேண்டிய நில வழக்குகளை அப்போதுதான் தயார் செய்வார்கள். நான் தட்டச்சு செய்தேன், தப்பு செய்தால் அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள் எங்கள் ஊர் நிலக்காரர் உள்ளே வந்தார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நைனா அவர் வயலில் கூலிக்குப் போகிறார். வீட்டில் எல்லோரும் அவரை 'ஐயா' என்போம். நாற்காலியில் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா வக்கீல் சார், இது எங்க ஊரு பொண்ணாச்சே. இங்க இன்னா பண்ணிக்கினு கீது?"

"லா படிக்குது. ட்ரெயினிங் வந்திருக்கு."

அவர் உட்கார்ந்தார், ஆனால் கொண்டுவந்த பத்திரங்களைப் பிரிக்கவில்லை. "குடும்ப விஷயம் சார். இது வெளிய இருக்கட்டும்."

வக்கீல் என்னைப் பார்த்து, "கொஞ்ச நேரம் வெளிய நில்லும்மா" என்றார்.

பக்கத்து மேஜையில் குமாஸ்தா இருந்தார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அவரை யாரும் எழுப்பவில்லை.

"சார், இங்க கேட்டத நான் வெளிய சொல்ல மாட்டேன். நேத்து வந்தவங்களும் குடும்ப விஷயம்தான் பேசினாங்க, நான் இங்கதான் இருந்தேன். இன்னிக்கு மட்டும் ஏன் எழுந்திருக்கணும்?"

நிலக்காரர் சிரித்தார். "அப்பன் வயல்ல குனிஞ்சிக்கினு கீறான். பொண்ணு நாற்காலி கேக்குது."

"ஆமா சார், கேக்குது" என்றேன். அவரை 'சார்' என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை வக்கீல் தணிந்த குரலில், "நாளையிலேர்ந்து வர வேணாம்மா" என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. அம்மா அழுதுகொண்டிருந்தாள். "போய் மன்னிப்பு கேட்டுட்டு வா. இனிமே உன் நைனாவுக்கு யாரு வேல குடுப்பா?"

நைனா சேற்றுக்காலைக் கழுவிக்கொண்டே கேட்டார். "நீ இன்னா சொன்ன?"

சொன்னேன். "நாளிக்கி நான் பெருநகர் ஊருப் பக்கம் வேலைக்குப் போறேன். அங்கயும் வயலு கீது" என்றார். அம்மாவிடம், "நீ அழுவாத" என்றார்.

விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்று பரீட்சையில் நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். யாரும் போய் உட்காரலாம். மறுநாள் உத்திரமேரூர் கோர்ட்டுக்குப் போய் கடைசி பெஞ்சில், கைதானவர்களின் வீட்டார் நடுவில் உட்கார்ந்தேன். கிரிமினல் வழக்குகளுக்கு மே மாதத்திலும் ஓய்வில்லை. ஜாமீன், வாய்தா, பிறழ்ந்து பேசிய சாட்சி என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். என்னை அனுப்பிவிட்ட வக்கீல் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் நான் தலை குனியவில்லை.

ஒரு பெண் வக்கீல் என்னைத் தினமும் கவனித்திருக்கிறார். ஒருநாள் அருகில் வந்து, "எந்த கேஸும்மா நீ?" என்று கேட்டார்.

"கேஸ் எதுவும் இல்ல மேடம். லா ஸ்டூடன்ட்."

"யார்கிட்ட இருக்க?"

"ஒருத்தர்கிட்ட இருந்தேன். வெளிய நில்லுன்னாங்க, நிக்கல. அப்புறம் வர வேணாம்னுட்டாங்க."

அவர் பெரிதாகச் சிரித்துவிட்டு, கையிலிருந்த கேஸ் கட்டுகளை என் மடியில் வைத்தார். "என்கூட வா."

அவரிடம் காவாந்தண்டலத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். புருஷன் அடித்து வெளியே தள்ளி, வீட்டைப் பூட்டிவிட்டான். மனுவுக்காக அவர் சொல்வதை எழுதும் வேலையை மேடம் எனக்குக் கொடுத்தார். அந்த அக்கா இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை, "அவரு நல்லவருதாம்மா" என்பார். நான் அதை எழுதாமல், "அன்னிக்கி இன்னா நடந்துச்சுக்கா?" என்று மறுபடியும் கேட்பேன். மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னார்.

அவரை வீட்டில் இருக்க விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தபோது நான் மேடத்தின் பக்கத்தில் நின்றிருந்தேன். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"அப்போ நான் வூட்டுக்குள்ள போலாமா?"

"போலாம்க்கா. பூட்டைத் தொறக்கலன்னா போலீஸ் வந்து தொறக்கும்."

சான்றிதழில் மேடம் கையெழுத்துப் போட்டார். கல்லூரி திறந்ததும் வகுப்பில் அதைப் பார்த்த ஆசிரியர், "சென்னைல எதுவும் கிடைக்கலையா?" என்றார். "கிடைக்கல சார். உத்திரமேரூர்ல நான் செஞ்ச வேலைய சொல்லவா?" என்று கேட்டு, மணி அடிக்கும்வரை வகுப்பின் முன் நின்று சொன்னேன். என்னை உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

நிலக்காரர் அறுவடைக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டும் நைனா போகவில்லை. என் வாயால்தான் இவ்வளவும் என்று அம்மா இன்னும் திட்டுகிறாள். வரும் கோடைக்கும் மேடம் கூப்பிட்டிருக்கிறார், போவேன். சென்னை அலுவலகங்களுக்கும் மறுபடி மெயில் அனுப்பியிருக்கிறேன். எடுக்க மாட்டோம் என்றால், ஏன் என்பதை இந்த முறை அவர்கள் எழுதிச் சொல்லட்டும்.