எழுபத்தெட்டு மார்க்கும் என் சந்தேகமும்

தீபாவளி லீவுக்கு முந்தின சனிக்கிழமை. புனே கோர்படியில் மகளின் ஸ்கூலில் பேரன்ட்ஸ் மீட்டிங். நித்யா ஒன்பதாம் வகுப்பு, ஏ செக்‌ஷன். கணக்குப் பேப்பரைக் கையில் கொடுத்தாள்.

நூற்றுக்கு 78!

போன வருடம் வரை ஐம்பதைத் தொடாத பெண். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கட்டிப்பிடித்திருப்பீர்கள். நான் கேட்டதோ...

"யாரைப் பாத்து எழுதின?"

"கசம் ஸே... சத்தியமா நானேதான்ப்பா போட்டேன்."

நான் நம்பவில்லை. சாகணில் ஒரு கார் பாக்டரியில் குவாலிட்டி செக்கிங் என் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். நேராகக் கணக்கு மிஸ்ஸிடம் போய், "பேப்பர் மாறியிருக்குமோ?" என்று கேட்டேன் – மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே.

மிஸ் சிரித்தார். "ஏ செக்‌ஷன் பொண்ணாச்சே சார், தப்பு விட்டா விடவே மாட்டேன். உன்னால முடியும், மறுபடி போடுன்னு சொல்வேன். போட்டுடுவா."

நான் விட்டேனா? போன வருட மார்க்கைச் சொன்னேன். மிஸ் கம்ப்யூட்டரில் தேடினார். முகம் மாறியது.

எட்டாம் வகுப்பில் அவள் வாங்கியது 41. ஆபீஸில் யாரோ 91 என்று டைப் செய்திருக்கிறார்கள். மார்க்கை வைத்துத்தான் செக்‌ஷன் பிரிப்பார்களாம். அதனால்தான் ஏ செக்‌ஷன்!

விஷயம் பிரின்சிபால் வரைக்கும் போனது. "இப்போதான் நல்லா படிக்கறாளே மேடம், இருக்கட்டுமே" என்று கெஞ்சினேன். ரூல் ரூல்தானாம். லீவு முடிந்ததும் நித்யா சி செக்‌ஷனுக்குப் போனாள்.

அங்கே வேறு மிஸ். "கஷ்டமான கணக்கெல்லாம் உங்களுக்கு வேண்டாம். பாஸானா போதும்" என்றாராம். திட்டவில்லை... அன்பாகத்தான் சொன்னாராம். அதுதான் கொடுமை.

அதே பெண். அதே மூளை. அதே புத்தகம்.

போன வாரம் டெஸ்ட் பேப்பரில் கையெழுத்துக் கேட்டு வந்து நின்றாள். இருபத்தைந்துக்குப் பத்து.

"கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாமே கண்ணு?"

அவள் கோபப்படவே இல்லை. "இப்ப உங்களுக்கு டவுட் இல்லைல்லப்பா?" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். வேறென்ன செய்ய?

முன்பின் தெரியாத ஒரு கிளார்க், தவறுதலாக என் மகளை நம்பிவிட்டார். பெற்றவன் நான்... தவறிக்கூட நம்பவில்லை.