கொங்கிறீட்டின் மேல் கான்

மழை வந்தால் எல்லோரும் வீட்டுக்குள் ஓடி வருவார்கள். சுவக்கின் வெளியே போவார். அதற்கென்றே கைப்பிடி உடைந்த கறுப்புக் குடை ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கும். அதை விரித்துக்கொண்டு மாடியின் நடுவில் போய் நிற்பார். பத்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, "மண்ணு அசையல" என்பார். அவருடைய மகள் நடாஷா பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து இதைப் பார்த்து வந்தாள். எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சுவக்கின் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லய வீட்டில் பிறந்தவர். தேயிலை மலையில் கான் என்னும் வடிகால் வெட்டுவது அவருடைய தகப்பனின் வேலை. சரிவுக்குக் குறுக்கே வெட்டும் அந்தக் கான்களுக்குள் இடைக்கிடை சிறிய அணை விடுவார்கள். மழைத் தண்ணீர் அணையில் முட்டி நின்று, மண்ணைக் கீழே போட்டுவிட்டு, மெல்ல மலைக்குள் இறங்கும். பத்தொன்பது வயதில் தோட்டத்தை விட்டு வந்த சுவக்கின், கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். முப்பத்தொரு வருடம் அதே கடைதான்.

வாடகைக்குக் குடியிருந்தது கலகெதரையில், றலியா என்ற முஸ்லிம் பெண்ணின் வீட்டு மேல்மாடியில். மேல்மாடி என்றால் பின்பக்கத்து இரண்டு அறைதான். முன்பக்கம் வெறும் கொங்கிறீட் தட்டு. மகள் ஆசிகாவுக்கு என்றாவது மேலே வீடு கட்டலாமென்று றலியா விட்டு வைத்த கம்பிகள் தூண்களிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

"நாலு மொளகாக் கன்னு வச்சிக்கவாங்க?" என்று ஒருநாள் சுவக்கின் கேட்டார்.

"வெய்ங்க அண்ணன். அங்க வெயில்தானே காயுது."

நாலு கன்று நாற்பதானது. கடையிலிருந்து காலிப் பெயின்ட் வாளிகள் வந்தன. கண்டி வீதியில் மேடு சரிந்து துப்புரவாக்கும் போதெல்லாம் அவருடைய பையில் கொஞ்சம் மண் வந்தது. வாளி போதாமல் செங்கல் வைத்துப் பாத்தி கட்டினார். கத்தரி, தக்காளி, பயற்றை, ரம்பை, புதினா. மண் கரைந்து ஓடக்கூடாது என்று தட்டின் சரிவுக்குக் குறுக்கே சீமெந்தால் ஐந்து வரம்பு போட்டு, வரம்புகளுக்கு இடையில் சின்னச் சின்ன அணையும் வைத்தார். அவற்றைக் கான் என்றே சொன்னார்.

இரண்டாம் வருடம், கீழே றலியாவின் முன்னறைச் சீலிங்கில் தேங்காயளவுக்கு ஒரு கறை வந்தது. பிறகு அது சொட்டத் தொடங்கியது. றலியா கீழே ஒரு பேசின் பாத்திரத்தை வைத்தார். சுவக்கின் போய் அண்ணாந்து பார்த்தார். "ஆசிகா கல்யாணத்துக்கு முந்தி இத நிப்பாட்டி, என் கையாலயே பெயின்ட் அடிச்சுக் குடுத்துர்றேங்க" என்றார்.

வெடிப்புத் தேடினார். தார் பூசினார். சீமெந்து பூசினார். சொட்டு நிற்கவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் புதினா பறிக்க மேலே வரும் றலியா கேட்பார்:

"அண்ணன், இத்தன பெயின்ட் வாளி ஈக்குதே, ஒண்டுலயாலும் பெயின்ட் ஈக்கா?"

"வந்துகிட்டே இருக்குங்க."

"நடந்தா வருது?"

இருவரும் சிரிப்பார்கள். பதினோரு வருடம் இப்படிப் போயிற்று.

கடந்த மார்ச்சில், கண்டிக் குட்ஷெட் பஸ் நிலையத்தில் கலகெதர பஸ்ஸுக்கு நின்றிருந்த இடத்திலேயே சுவக்கின் விழுந்தார். ஆஸ்பத்திரியில் அவருடைய பையை நடாஷாவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். சாப்பாட்டுப் பெட்டியும் ஒரு பொலித்தீனில் இரண்டு கிலோ மண்ணும் இருந்தன. அவள் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள். பட்டமளிப்பு விழாவில் போட்டதைவிட அழகான கையெழுத்து.

பேராதனையில் புவியியல் படித்தவள். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஒன்றரை வருடமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். செத்த வீட்டில் அவளுக்கு அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தாள். யோசனையும் பாதியில் நின்றுவிட்டது. பின்னேரமானதும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும் நேரம் வந்திருந்தது, அவ்வளவுதான்.

மே மாதம் றலியா மேலே ஏறி வந்தார். புதினா பறிக்கவில்லை. கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"செல்ல வாய் வருதில்ல மகள். ஆசிகாவுட நிக்காஹ் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பொறகு. மாப்புள்ள எங்கட ஊட்டுலதான் ஈக்கப்போறாரு, அந்த முன் ரூம்ல. மாப்புள்ளட தலையில சொட்டினா நான் என்னத்த செல்ற?"

"தோட்டத்த எடுத்துர்றோங்க" என்றார் நடாஷாவின் தாய் யோசப்பின். "அவரே போயிட்டாரு. கத்தரிக்கா யாருக்கு?"

"மூணு மழை பாப்போம் ஆன்ட்டி" என்றாள் நடாஷா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பதினொரு வருசம் பாத்தாச்சே." றலியா எழும்பினார். "சரி, மூணு. நாலாவது மழைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வருவன்."

முதல் மழை ஒரு பின்னேரம் வந்தது. கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு மாடியின் நடுவில் போய் நின்ற பிறகுதான் தான் அங்கே நிற்பதை நடாஷா கவனித்தாள். தண்ணீர் மூலைக் குழாய்க்குப் போகவில்லை. ஐந்து வரம்புக்குப் பின்னாலும் அணைகளில் முட்டி, குளம் மாதிரி நின்றது. மண் அசையவில்லை. அப்பா ஒவ்வொரு மழையிலும் இதைத்தான் பார்த்திருக்கிறார். பார்த்து, சரியாக இருக்கிறது என்று திருப்தியோடு உள்ளே வந்திருக்கிறார்.

மலைக்குச் செய்வதை அவர் தட்டுக்குச் செய்திருந்தார். மலை தண்ணீரைக் குடிக்கும். இங்கே கானுக்குக் கீழே ஐந்து அங்குலக் கொங்கிறீட், அதற்குக் கீழே ஆசிகாவின் கட்டில். சமவுயரக் கோடுகளுக்கு முழுப் புள்ளி எடுத்தவள் பல வருடமாக இந்த வரம்புகளைத் தாண்டித்தான் அப்பாவுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். குனிந்து ஒருமுறை பார்த்திருந்தால்? அந்தக் கேள்வி வந்தது, நின்றது, வலிக்காமல் போனது.

மறுநாள் சுத்தியலால் கான்களை உடைத்தாள். கை வீங்கியது. யோசப்பின் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 

இரண்டாவது மழையில் மண் கரைந்து குழாயை அடைத்தது. கீழே முன்போலவே சொட்டியது. ஆசிகா படியில் நின்று, "இன்னும் ஒண்டுதான் ஈக்கு, நடாஷா" என்றாள்.

நடாஷா கொப்பியில் மாடித் தட்டை வரைந்தாள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சரிவைக் குறித்துக்கொண்டாள். பாத்திகளை முழுவதும் கலைத்தாள். மண்ணில் பாதியை இறக்கிவிட்டு, குருணாகலிலிருந்து வரும் தேங்காய்த் தும்புச்சோற்றை மிச்சத்தோடு கலந்தாள். ஒவ்வொரு வாளியும் இரண்டு செங்கல்லின் மேல், தண்ணீர் அடியில் ஓட இடம் விட்டு. கனமானவை தூண்கள் இருக்கும் ஓரத்தில். பயற்றைக் கொடியை றலியாவின் கம்பிகளில் ஏற்றினாள். நடுத்தட்டைச் சுரண்டிக் கழுவி, தண்ணீர் இறங்காத பூச்சை இரண்டு தரம் பூசினாள். குழாய் வாயில் வலை கட்டினாள். அப்பாவின் தோட்டம் மாதிரி இல்லை. மருந்துக்கடைத் தட்டு மாதிரி இருந்தது.

மூன்றாவது மழை இரண்டு நாள் பெய்தது. இரண்டாம் நாள் காலையில் றலியா படியடியில் நின்று கூப்பிட்டார்.

"மகள்! பேசின் காஞ்சி போய்க் கெடக்கு!"

"சரிங்க ஆன்ட்டி" என்றாள் நடாஷா. சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது.

அந்த வாரமே அப்பாவின் கடையிலிருந்து வெள்ளைப் பெயின்ட் ஒரு வாளி வாங்கிக்கொண்டு கீழே போனாள். றலியா கட்டிலில் ஏறிச் சீலிங்கைத் தொட்டுப் பார்த்தார்.

"உள்ளுக்கு இன்னும் ஈரம். இப்ப அடிச்சா உரிஞ்சி வரும். அண்ணன்தான் செல்லித் தந்தாரு."

நிக்காஹ் அன்று கறைக்குக் கீழே வெள்ளைச் சேலை இழுத்துக் கட்டினார்கள். அலங்காரம் நல்லா ஈக்கு என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். பலர் கூடிச் சாப்பிடும் சவன் தட்டுச் சோற்றின் மேல் போட்ட புதினா மாடியிலிருந்து போனது.

செப்டெம்பர் வெயிலில் சீலிங் காய்ந்தது. நடாஷா ரோலரோடு மறுபடி போனாள். அறை வாசலிலேயே றலியா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆசிகா முழுகாம ஈக்கா. பெயின்ட் வாசத்துக்கு சத்தி எடுப்பா. புள்ள பொறக்கட்டும் மகள்." பிறகு மேலே பார்த்துச் சொன்னார்: "உங்கட வாப்பா பதினொரு வருசம் தவண சென்னாரு. இப்ப நாங்க செல்றோம்."

நடாஷா திறந்த கதவு வழியாகக் கறையைப் பார்த்தாள். தேங்காயளவு இருந்தது இப்போது ஒரு பாயளவு. ஓரம் மஞ்சள், நடுவில் பழுப்பு.

பெயின்ட் வாளி படிக்குக் கீழே இருக்கிறது. மூடி இன்னும் திறக்கவில்லை.